காலைப் பணிவிடை: யாரை முதலில் எழுப்புவது

பல முதியோர் இல்லங்களில் காலை நாலரை மணிக்கே விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் எல்லோரையும் குளிப்பாட்டி, உடை மாற்றி, வராந்தாவில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது கணக்கு. முதல் கட்டிலில் தொடங்கிக் கடைசிக் கட்டிலில் முடிப்பார்கள். மூன்றாம் கட்டிலில் இருக்கும் பார்க்கின்சன் நோயாளிக்கு மாத்திரை உள்ளே போய் அரை மணி, முக்கால் மணி ஆனால்தான் கை கால் இளகும். எட்டாம் கட்டில்காரர் நடுராத்திரியிலிருந்து நனைந்த டயப்பரோடு கிடக்கிறார். பத்தாம் கட்டிலில் இருப்பவர் இரவெல்லாம் விழித்திருந்து இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறார். இவர்கள் மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் மூவருக்குமே கெடுதல் செய்கிறோம். யாரை எப்போது எழுப்புவது, யாருக்கு எதை முதலில் செய்வது என்பதைக் கட்டில் எண் தீர்மானிக்கக் கூடாது. அவரவர் உடம்பு தீர்மானிக்க வேண்டும். காலைப் பணிவிடையில் மற்ற எல்லாமே இதற்குப் பிறகுதான்.

வேலை தொடங்காத முதல் பத்து நிமிடம்

கையில் பக்கெட்டை எடுப்பதற்கு முன் எல்லாக் கட்டில்களையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வாருங்கள். மூச்சு எப்படி இருக்கிறது, போர்வை ஈரமா, யூரின் பேக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, என்ன நிறம், யார் விழித்திருக்கிறார், யார் வழக்கத்துக்கு மாறாகச் சுருண்டு கிடக்கிறார் என்று பார்த்தால் போதும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று காலை பெயர் சொல்லக் குழம்பினால் அதை “வயசாயிடுச்சு” என்று தள்ளிவிடாதீர்கள். திடீர்க் குழப்பத்துக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்றோ, நெஞ்சில் சளியோ, உடம்பில் நீர் வற்றியதோ, சர்க்கரை இறங்கியதோ இருக்கக்கூடும். முதியவர்களுக்குத் தொற்று வந்தாலும் சில சமயம் காய்ச்சல் அடிக்காது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தால், ஒரு கை தூக்க வரவில்லை என்றால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். குளியலை விட்டுவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதையும் மருத்துவர் கேட்பார். இரவு சுற்று வந்தவர்தான் அதைச் சொல்ல முடியும்.

இந்தச் சுற்று முடிந்ததும் வரிசை தானாகவே அமைந்துவிடும். நனைந்தும் அசுத்தமாகியும் இருப்பவர்கள் முதலில். அவர்களைத் துடைத்து, உலர்த்தி, டயப்பர் மாற்றிவிட்டால் போதும், குளியல் பிறகு. மாற்றிய பிறகு திரும்பத் தூங்க விரும்பினால் தூங்கட்டும்.

அடுத்து, நேரம் பார்த்து மாத்திரை போட வேண்டியவர்கள். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையை மருத்துவர் எழுதிய நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். “எல்லோருக்கும் எட்டு மணி ரவுண்டில் தரலாம்” என்று வைக்கக் கூடாது. காபியோடோ பாலோடோ கொடுப்பதும் தவறு. பாலில் உள்ள புரதம் மருந்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். வெறும் தண்ணீரில் கொடுத்து, டிபனுக்குக் குறைந்தது அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்றால் என்ன செய்வது என்பதை மருத்துவரே சொல்லட்டும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் முன் அவரை எழுப்பி நிறுத்தினால் மரக்கட்டை போல விறைத்து நிற்பார், நாமும் பிடித்து இழுப்போம், இருவரும் சேர்ந்து விழுவோம். முக்கால் மணி கழித்து அதே மனிதர் தானே எழுந்து உட்காரக்கூடும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலினும் டிபனும் கைகோத்து வர வேண்டும். சமையலறையில் இட்லி தயாரா என்று பார்க்காமல் ஊசி போட்டுவிட்டு, பிறகு அவரைக் குளிக்கக் கூட்டிப் போய் நேரமாக்குவது மிக ஆபத்தான பழக்கம். குளிக்கும்போது வியர்த்துக்கொட்டினால், கை நடுங்கினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், பேச்சு மாறினால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, அவர் விழிப்போடு விழுங்கவும் முடிகிறவர் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

எழுப்புவது

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள். பொதுக்கூடம் என்றால் திரையை இழுத்து மூடுங்கள். போர்வையை உருவுவதற்கு முன் முகத்துக்கு நேரே வந்து, அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து, நீங்கள் யார், என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிடுங்கள், காது மிஷினை மாட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டு, “சொன்னதைக் கேட்க மாட்டேங்கறாங்க” என்று குறைப்படுவதை அடிக்கடி பார்க்கலாம்.

எப்படிக் கூப்பிடுவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவருக்கு “டீச்சர்” என்று கேட்டால்தான் முகம் மலரும். சிலருக்கு “பாட்டி” பிடிக்கும். பிள்ளை இல்லாத சிலருக்கு அந்தச் சொல் வலிக்கும். “குட்டி”, “பாப்பா” என்று கொஞ்சுவதையும், வயதில் பெரியவரை ஒருமையில் அதட்டுவதையும் எந்த இல்லத்திலும் அனுமதிக்கக் கூடாது. பேசும் சக்தி போய்விட்டவருக்கும் காது கேட்கிறது.

படுத்திருப்பவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். எழுந்து மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளி இறங்கிவிடுகிறவர்கள் நம் இல்லங்களில் நிறையப் பேர் உண்டு. குறிப்பாக பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். முதலில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, தோளைத் தாங்கி உட்கார வையுங்கள். பாதம் இரண்டும் தரையில் பதியட்டும். கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லி இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். தலை சுற்றவில்லை என்று அவர் சொன்ன பிறகு எழட்டும். சக்கர நாற்காலியை நல்ல கை கால் உள்ள பக்கம் போட்டு, பிரேக்கைப் பூட்டி, கால் தாங்கியை ஒதுக்கி வையுங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். அவர் தோளும் கெடும், உங்கள் இடுப்பும் கெடும். கட்டிலில் மேலே ஏற்றவும் திருப்பவும் டிரா ஷீட்டை இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து நகர்த்துங்கள். ஆயாக்கள் இடுப்பு வலியோடு வேலையை விட்டுப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் தனியாளாகத் தூக்கியதுதான். நிர்வாகம் இதைச் சில்லறை விஷயமாக நினைக்கக் கூடாது.

விரல் வைத்துப் பார்ப்பது

உடை களைந்த நேரம்தான் உடம்பு முழுவதையும் பார்க்கக் கிடைக்கும் ஒரே நேரம். வால் எலும்பு, குதிகால், இடுப்பெலும்பு, தோள்பட்டை, முழங்கை, பின்தலை, காது மடல் என்று எலும்பு முட்டும் இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது படுக்கைப்புண்ணின் முதல் படி. நம்மவர்கள் பலருக்குக் கருத்த தோல். சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அங்கே புறங்கையை வைத்துப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாக, கெட்டியாக, அல்லது கொழகொழவென்று இருக்கிறதா? நிறம் கொஞ்சம் ஊதாவாக மாறியிருக்கிறதா? தொட்டால் முகம் சுளிக்கிறாரா? தோல் கிழியும் வரை காத்திருந்தால் அடியில் குழி விழுந்திருக்கும்.

அந்த இடத்தைத் தேய்த்து விடுவது நம் வழக்கம். அது கூடாது, அடியில் ஏற்கெனவே நொந்திருக்கும் சதை மேலும் சிதையும். நடுவில் ஓட்டை வைத்த காற்று வளையத்தில் உட்கார வைப்பதும் வேண்டாம். அது விளிம்பில் ரத்த ஓட்டத்தை அடைக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பெலும்பின் மேல் பாரம் இறங்கும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் படுக்க வையுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். தோல் வறண்டிருந்தால் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவலாம். தொடை இடுக்கிலும் மார்புக்கு அடியிலும் பவுடரை அப்பாதீர்கள். வியர்வையில் குழைந்து கட்டியாகிப் புண்ணாக்கும். அங்கே தேவை ஈரம் இல்லாமல் ஒற்றியெடுப்பது மட்டும்தான்.

வாய்

அவசரத்தில் முதலில் விட்டுப்போவது வாய். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஊழியர்கள் முறையாக வாய் சுத்தம் செய்துவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்ததாகவும், அந்தக் கவனிப்பு கிடைக்காதவர்களில் 19 சதவீதம் பேருக்கு வந்ததாகவும் காட்டியது. பல் இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது. வாயில் வளரும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குவதுதான் காரணம். எனவே பல்லே இல்லை, டியூபில்தான் சாப்பாடு என்பவருக்கும் ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் தினமும் சுத்தம் செய்ய வேண்டும்.

துப்பத் தெரிந்தவருக்கு மென்மையான பிரஷ்ஷும் உப்புத் தண்ணீரும் போதும். துப்ப முடியாதவரை ஒருக்களித்து, கன்னத்துக்கு அடியில் துண்டு வைத்து, பிழிந்த ஈரத் துணியையோ பிழிந்த பிரஷ்ஷையோ கொண்டு துடையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கடிப்பவர் வாய்க்குள் விரலை விடாதீர்கள். பல்செட்டை இரவில் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கொதிநீரில் போட்டால் வடிவம் மாறிவிடும். காலையில் மாட்டும் முன் ஈறில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பல்செட் யாருடையது என்று டப்பாவில் பெயர் எழுதுவது கட்டாயம்.

தண்ணீரைக் கண்டால் அலறுபவர்

மறதி நோய் முற்றிய ஒரு பாட்டி குளியலறை வாசலிலேயே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு பேர் இழுக்கிறார்கள். உள்ளே போனதும் புடவையை உருவுகிறார்கள். தலையில் ஒரு மக் தண்ணீர் விழுகிறது. அவர் கத்துகிறார், கிள்ளுகிறார். பதிவேட்டில் “ஒத்துழைக்கவில்லை” என்று எழுதப்படுகிறது. அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். முன்பின் தெரியாத இருவர் துணியை அவிழ்க்கிறார்கள், குளிர்கிறது, காரணம் தெரியாமல் தலையில் தண்ணீர் கொட்டுகிறது. யாராயிருந்தாலும் கத்துவோம்.

இப்படிப்பட்டவரைக் குளியலறைக்கே கொண்டுபோக வேண்டியதில்லை. அமெரிக்காவில் 15 முதியோர் இல்லங்களில் நடத்தி 2004-ல் வெளியான ஆய்வு, படுக்கையிலேயே பெரிய துண்டைப் போர்த்திக் குளிப்பாட்டியபோது இவர்களின் கொந்தளிப்பு பாதிக்கும் மேல் குறைந்ததைக் காட்டியது. நம் இல்லங்களில் இதை எளிதாகச் செய்யலாம். மின்விசிறியை நிறுத்தி ஜன்னலை அடையுங்கள். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் விட்டு, முழங்கை வைத்துச் சூடு பாருங்கள். சர்க்கரை நோயாளியின் பாதத்துக்குச் சூடு தெரியாது. அவர் “சரியா இருக்கு” என்பதை நம்ப வேண்டாம். ஒரு பெரிய துண்டை அந்த நீரில் நனைத்துப் பிழிந்து, மேலே போர்த்தியிருக்கும் உலர்ந்த போர்வையை உருவிக்கொண்டே துண்டைக் கழுத்திலிருந்து கால்வரை போர்த்துங்கள். ஒரு கணம்கூட உடம்பு திறந்து கிடக்கக் கூடாது. துண்டின் மேலாகவே நீவித் துடையுங்கள். கொஞ்சமாகக் குழந்தை சோப் நீர் போட்டால் இரண்டாவது ஈரத் துண்டால் எடுத்துவிடுங்கள். முகத்தை வேறு துணியால், கண்ணின் உள் மூலையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். பிறப்புறுப்பு கடைசியில், புதுத் தண்ணீர், புதுத் துணி, கையுறையோடு. பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். ஆண்களுக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவினால் திரும்ப முன்னுக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது. அப்படியே விட்டால் வீங்கி இறுகிவிடும். சிறுநீர் டியூபை உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, பேக்கை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிடுங்கள். இந்தப் பணியைப் பெண்களுக்குப் பெண்ணும் ஆண்களுக்கு ஆணும் செய்வதே முறை. ஆள் இல்லை என்றால் அவரிடம் கேட்டுச் சம்மதம் பெறுங்கள்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதைத் தனி நாளில் வைத்துக்கொள்ளலாம். செவ்வாய், வெள்ளியில் எண்ணெய் தேய்த்துக் குளித்தே பழகிய அம்மாவுக்கும், புதன், சனியில் பழகிய ஐயாவுக்கும் அந்த நாளை அப்படியே காப்பாற்றிக் கொடுங்கள். நினைவு மங்கிய பிறகும் அந்த எண்ணெய் வாசனைக்கு உடம்பு தானாக இளகும். எண்ணெய் சிந்திய தரையை உடனே சோப் போட்டுத் துடைத்துவிடுங்கள்.

இதை எல்லாம் எல்லோருக்கும் தினமும் செய்ய ஆள் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு முகம், வாய், அக்குள், இடுக்கு, பிறப்புறுப்பு இவை தினமும் சுத்தமானால் முழுக் குளியல் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். பாதிப் பேருக்குக் குளியலை மாலைக்கு மாற்றலாம். “தினமும் குளிப்பாட்டறீங்களா?” என்று கேட்கும் மகனுக்கும் மகளுக்கும் இதை விளக்கிச் சொல்வது மேற்பார்வையாளரின் பொறுப்பு. வேகமாக ஊற்றித் துவட்டாத குளியலைவிட நிதானமாகத் துடைப்பதுதான் தோலைக் காப்பாற்றும்.

உடுத்துவது

பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது விழுந்த கை முதலில். கழற்றும்போது நல்ல கை முதலில். செய்முறை இது: சட்டையின் கையைச் சுருட்டி உங்கள் மணிக்கட்டில் வளையல் போல் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கையாலேயே அவருடைய செயலிழந்த கையைக் கைகுலுக்குவது போலப் பிடித்து, மற்றொரு கையால் அவர் முழங்கையைத் தாங்கி, சட்டைக் கையை உங்கள் கையிலிருந்து அவர் கைக்கு நழுவவிடுங்கள். தோள்வரை ஏற்றிய பிறகு முதுகுப் பக்கம் சுற்றிக்கொண்டு வந்து, நல்ல கையை அவரே நுழைக்கட்டும். பட்டனை அவரே போடட்டும். நாம் செய்தால் இரண்டு நிமிடம், அவர் செய்தால் பத்து நிமிடம் ஆகும். ஆனால் நாம் தினமும் போட்டுவிட்டால் இரண்டு மாதத்தில் அந்த விரல்களுக்குப் பட்டன் போடுவது மறந்துபோகும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். தசை தளர்ந்த தோள்மூட்டு எளிதில் இறங்கிவிடும்.

முன்பக்கம் திறக்கும் நைட்டி நமக்கு வசதிதான். வாழ்நாள் முழுக்கப் புடவை கட்டிய சிலருக்கு நைட்டியோடு பிறர் முன் உட்காருவது கூச்சம். தோளில் ஒரு துண்டு போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மடிப்பு தைத்து வெல்க்ரோ வைத்த புடவையைத் தைத்து வாங்குங்கள். விபூதியோ திருமண்ணோ குங்குமமோ அவரவர் கையாலேயே இட்டுக்கொள்ளட்டும். கணவரை இழந்த அம்மாவுக்குப் பொட்டு வைக்கலாமா கூடாதா என்று நாம் தீர்மானிக்க வேண்டியதில்லை, அவரைக் கேளுங்கள். விடியற்காலைத் தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவ விரும்புகிறவருக்கு அந்த நேரத்துக்குத் தண்ணீர் தயாராக இருக்க வேண்டும்.

முதல் மிடறு

அண்ணாந்து குடிப்பது நம் ஊர்ப் பழக்கம். பக்கவாதமோ பார்க்கின்சனோ மறதி நோயோ இருப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழல் திறந்து காபி நுரையீரலுக்குள் போகும். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, சிறு மிடறாகக் கொடுங்கள். குறுகிய டம்ளர் மூக்கில் இடித்துத் தலையைப் பின்னுக்குத் தள்ளும். அகன்ற வாய்க் கோப்பை நல்லது. நீங்களும் உட்கார்ந்துகொண்டு ஊட்டுங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்துதான் பார்ப்பார். ஒரு வாய் விழுங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகு அடுத்த வாய். குடித்ததும் இருமினாலோ குரல் தண்ணீரில் பேசுவது போல மாறினாலோ நிறுத்திவிட்டு நர்ஸிடம் சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்க வைக்க வேண்டாம்.

எழுதி வைப்பது

காலையில் கண்ணில் பட்டதை அந்தந்தக் கட்டிலை விட்டு நகரும் முன் எழுதுங்கள். “சிவப்பு இருக்கு” என்று எழுதினால் அடுத்தவருக்குப் பயனில்லை. “வால் எலும்பில் ஒரு ரூபாய் நாணய அளவு, அழுத்தினால் வெளுக்கவில்லை, காலை 6.20” என்று எழுதினால் மாலை ஷிஃப்டுக்கு வருபவர் அது பெரிதாகியிருக்கிறதா என்று ஒப்பிட முடியும். புதிதாகக் கன்றிப்போன தழும்பு, விரல் பதிந்த தடம் எதையாவது கண்டால் அதையும் எழுதி மேற்பார்வையாளரிடம் நேரில் சொல்லுங்கள். அங்கே கேட்க ஆளில்லை என்றால் முதியோருக்கான 14567 உதவி எண் இருக்கிறது. மருத்துவருக்குப் போன் செய்யும் முன் நாடி, ரத்த அழுத்தம், சர்க்கரை, காய்ச்சல் நான்கையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். யாருக்கு எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, குளியல் காலையா மாலையா, பட்டன் தானே போடுகிறாரா என்பதையும் ஒரு அட்டையில் எழுதிக் கட்டில் அருகே அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். வந்து போகிறவர் கண்ணில் படும்படி வெளியே தொங்கவிட வேண்டாம். புதிதாக வேலைக்குச் சேரும் ஆயா முதல் நாள் காலை அந்தக் கதவைத் திறந்து படித்துவிட்டுத்தான் யாரையும் எழுப்ப வேண்டும்.